பாரிக்குப் படிக்கச் சொன்னவை

மலை முகாம்,
56 ஏ.பி.ஓ. மூலம்
12.1.2000

அன்புள்ள அறிவு மாமுவுக்கு,

பாரி எழுதுவது. இங்கே குளிரில் பேனா மை உறைந்துபோகிறது. கக்கத்தில் வைத்துச் சூடாக்கித்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை. அம்மாவும் ஷாலுவும் சுகமா? உன் வயிற்று வலி தேவலையா?

ஒரு செய்தி. சிறப்புப் படைக்கு ஆள் கேட்டார்கள், பெயர் கொடுத்தேன், சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் ஓட்டம், முதுகில் சுமை, பட்டினி. யாரும் யாரையும் பிடித்துவைப்பதில்லை. முடியாதவன் கையைத் தூக்கி ‘போகிறேன்’ என்றால் போதும், டீ கொடுத்து லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அதுவரை போன் கிடையாது, தபால் மட்டும்தான். அம்மாவிடம் ஏதோ ஸ்பெஷல் டிரெயினிங் என்று சொல்லிவை.

உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். வாரம் ஒருநாள் கேப்டன் எங்களை உட்காரவைத்து, உலகத்தில் எங்கேயாவது நடந்த ஒரு கமாண்டோ தாக்குதலைப் பற்றிப் பேசச் சொல்கிறார். என்ன திட்டம், எங்கே சொதப்பினார்கள், நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறார். கேரளாக்காரனும் பஞ்சாப்காரனும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது உன் ஞாபகம் வந்தது. கப்பல்காரர்கள் போட்டுவிட்டுப் போகிற புத்தக மூட்டைகளை சௌக்கத் அலி பாய் கடையில் பிரித்து, போர்ப் புத்தகமாகப் பொறுக்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கிறாயே, அதில் எதைப் படிக்கலாம் சொல். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். சுருக்கத்தைத் தமிழில் எழுதி அனுப்பினால் புண்ணியம்.

ஆள் எடுத்த மைதானத்துக்கு உனக்குத் துணையாகத்தானே வந்தேன்? நினைத்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

உன் மச்சான்,
பாரி


வியாசர்பாடி
28.1.2000

மச்சான் பாரிக்கு,

அறிவு எழுதிக்கொண்டது. பொங்கல் கழிந்து உன் கடிதம் வந்தது. அத்தைக்கு வழக்கமான இருமல். குப்பை லாரியோடு கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போய்வருகிறவருக்கு இருமல் வராமல் என்ன செய்யும்? ஷாலு நலம். நானும் தண்டையார்பேட்டை கோடவுனில் மூட்டைக்குக் கணக்கு எழுதிக்கொண்டு அப்படியேதான் இருக்கிறேன்.

உனக்கு அது வேடிக்கை. முட்டியோடு முட்டி தட்டுகிறது என்று சொல்லி அந்த டாக்டர் என் தோளில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அந்தக் குறியோடு, உன் சட்டையையும் பேண்டையும் கையில் வைத்துக்கொண்டு, நீ வெளியே வரும்வரை கேட்டில் நின்றேன். அது போகட்டும்.

மூன்று புத்தகம் அனுப்புகிறேன். நான் சொல்கிற வரிசையில் படி. முதலில் அட்டை கிழிந்த தடிமனான புத்தகம். ஒரு பாலத்தைப் பிடிக்க பாராசூட் வீரர்களை எதிரி நாட்டுக்குள் இறக்குகிறார்கள். பாலத்துக்கு வெகுதூரத்தில் இறக்குகிறார்கள். ரேடியோ வேலை செய்யவில்லை, வரவேண்டிய டாங்கி வரவில்லை. தோற்ற கதையைத்தான் முதலில் படிக்கவேண்டும். ஜெயித்தவன் எழுதுவதில் பாதி புளுகு. அடுத்தது, பாலைவனத்தில் ஜீப்பில் போய் எதிரி விமானங்களைத் தரையிலேயே எரித்தவர்கள் கதை. எழுதியவன் கூடப் போனவன். தொடக்கத்தில் தன் பள்ளிக்கூடப் பெருமையை அளக்கிறான், அதைத் தாண்டிவிடு. மூன்றாவது மெல்லிசு. சுடாமல் ஆளை வீழ்த்துவது பற்றி. அதைக் கடைசியில் படி, மனசு தெளிவாக இருக்கும்போது. ஒவ்வொன்றுக்கும் சுருக்கம் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

ஆனால் கேப்டனிடம் முதலில் இதில் எதையும் சொல்லாதே. எம்டனைச் சொல். 1914இல் ஜெர்மன்காரன் ஒற்றைக் கப்பலில் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றான். ஊரில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்குள் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டான். செத்தவர்கள் சிலர்தான், ஆனால் பாதிப் பட்டணம் மூட்டை முடிச்சோடு ஓடியது. அவன் சுட்டது தொட்டியை, விழுந்தது ஊரின் தைரியம். இந்த வாக்கியத்தை அப்படியே சொல், எடுபடும்.

அத்தை தினமும் கேட்கிறார்: “இன்னாடா, எம்புள்ளைக்கு புக்கு அனுப்சியா?” அனுப்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அறிவு


மலை முகாம்
21.2.2000

அன்பு மாமு,

நலம். கால் நகம் இரண்டு கழன்றதைச் சேர்க்காவிட்டால் பூரண நலம். அங்கே எல்லோர் சுகத்தையும் விவரமாக எழுது. 

எம்டன் அடித்துத் தூள் கிளப்பிவிட்டான்! உன் தாளை மனப்பாடம் செய்து, தெரிந்த இந்தியில் சொன்னேன். “விழுந்தது ஊரின் தைரியம்” என்றதும் கேப்டன் எழுந்து நின்று கைதட்டினார். சுபேதார் அய்யாத்துரை என்று திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். “ஏலே, எங்காத்தா என்னைய எம்டன் எம்டன்னு வையும், அது கப்பல் பேருன்னு இன்னைக்குத்தாம்ல தெரியுது” என்றார். இப்போது முகாமில் எனக்குப் பெயர் புரொபசர். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேப்டன் கேட்டார். வீட்டில் நிறையப் புத்தகம் இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி விளக்குகிற அளவுக்கு இந்தி வரவில்லை மாமு, கோபிக்காதே.

வந்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். சுமை தூக்க முடியாமல் போனவர்கள் கொஞ்சம்தான். என் பக்கத்துப் படுக்கைக்காரன் எங்கள் எல்லோரையும்விட வேகமாக ஓடுவான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுநாளே கையைத் தூக்கிவிட்டான். மலை உடைக்காத ஆளை ஒரு இன்லண்ட் லெட்டர் உடைத்துவிட்டது.

இன்னும் புத்தகம் அனுப்பு. அம்மாவுக்கு என் முத்தம்.

பாரி


வியாசர்பாடி
6.3.2000

பாரிக்கு,

நீ நலமாக இருப்பாய். இருக்கவும் வேண்டும்.

இந்த முறை புத்தகம் இல்லை. பாய் கடைக்கு மூட்டை எதுவும் வரவில்லை.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். அத்தைக்கு உடம்பு நன்றாக இல்லை. இருமலோடு இப்போது நெஞ்சு வலியும் சேர்ந்திருக்கிறது. வேலைக்குப் போய் வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார். தூக்கத்தில் உன் பெயரைச் சொல்கிறார். “அவங்கிட்ட சொல்லாத நைனா, பேஜாராயிடுவான்” என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஷாலுவுக்கும் முழுசாகத் தெரியாது. நீ அவளுக்கு எழுதிக் கேட்டால் பயந்துவிடுவாள், கேட்காதே.

உன்னை வரச்சொல்லவில்லை. அங்கே உனக்குப் பெரிய பெயர் இருக்கிறது. இரண்டையும் எடைபோட்டு நீயே முடிவு செய். எனக்கு அம்மா இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். பத்து வயசில் என் அம்மா போனபிறகு எனக்குச் சோறு போட்டவர் அத்தை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அறிவு


வியாசர்பாடி
9.3.2000

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷாலு ஆசையோடு எழுதுவது. நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் கால் நகம் ஆறிவிட்டதா? மஞ்சள் வைக்கச்சொல்கிறாள் அம்மா. அங்கே மஞ்சள் கிடைக்குமா?

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வஞ்சிரம் அரிந்துகொண்டே சொல்லச்சொல்ல எழுதுகிறேன்: “நா ஷோக்கா கீறேன்னு எய்து. போன வெள்ளிக்கெயம திருவொத்தியூர் கோயிலுக்கு நடந்தே பூட்டு வந்தேன்னு எய்து. இவளுக்குத்தான் காலு வலி, எனுக்கு ஒண்ணியும் இல்லன்னு எய்து.” உண்மைதான் அண்ணா, என் கால்தான் வீங்கிவிட்டது. இருமலுக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள், குறைந்திருக்கிறது.

நீ யூனிபாரத்தில் இருக்கிற போட்டோவை அம்மா பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டிவிட்டாள். பாபாசாகேப் படத்துக்குப் பக்கத்தில் வேறு ஆணி இல்லை. அதனால் அறிவு மாமாவின் பத்தாம் வகுப்பு முதல் பரிசுப் பத்திரத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டினாள். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. உன் கடிதங்களை அவர்தான் எங்களுக்குப் படித்துக் காட்டுகிறார். புரொபசர் என்கிற இடத்தை முழுங்கிவிட்டார், நான் அப்புறம் எடுத்துப் பார்த்துச் சிரித்தேன்.

சீக்கிரம் ஜெயித்துவிட்டு வா.

உன் தங்கை,
ஷாலு


வியாசர்பாடி
30.3.2000

பாரிக்கு,

நலம்தானே? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

எப்போது ரயில் ஏறுகிறாய்? சென்ட்ரலுக்கு வந்து நிற்கிறேன். கீழே ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டால் நீதானோ என்று மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். டீக்கடையில் தினமும் யாராவது ஒருவர், “உம் மச்சான் கமாண்டோ ஆய்ட்டானாமே, மிலிட்டிரிக்கு நீயுந்தான போன, இன்னா ஆச்சி?” என்கிறார்கள். திரும்பி வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வயிற்றுப் பிழைப்புக்கு இங்கே துறைமுகம் இருக்கிறது. கோடவுனில் என் மேஜைக்கு எதிரே ஓர் இடம் காலியாக இருக்கிறது, உனக்காக முதலாளியிடம் சொல்லிவைக்கிறேன்.

அத்தை அப்படியேதான் இருக்கிறார்.

அறிவு


56 ஏ.பி.ஓ.
19.4.2000

அறிவுக்கு,

நான் சௌக்கியம். அம்மா சௌக்கியம் என்பது எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

சோதனை முடிந்தது. தேறிவிட்டேன். அடுத்து பாராசூட் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்று, மலையிலிருந்து இறங்கி அப்போதுதான் பூட்ஸைக் கழற்றியிருந்தேன். ஒரு தடவை படித்தேன். சுபேதார் முன்னால் போய்க் கையைத் தூக்கினேன். “ஏம்ல, நீயுமா?” என்று கேட்டார். டீ கொடுத்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு லாரிக்குக் காத்து உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து வந்த லாரியில் தபால் பையும் வந்தது. “ஊர்த் தபால் ஒண்ணு கெடக்கு, பாத்துட்டு ஏறு” என்று அய்யாத்துரை ஷாலுவின் கடிதத்தைக் கொடுத்தார். அம்மா திருவொற்றியூருக்கு நடந்துபோன கடிதம்.

உன் கடிதத்தையும் அவள் கடிதத்தையும் தொடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் வித்தியாசம். ‘போகவில்லை’ என்று சுபேதாரிடம் சொல்லிப் பெட்டியை மறுபடி உள்ளே வைத்தேன். லாரி நான் இல்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து நீ அனுப்பிய மெல்லிய புத்தகத்தை அகராதி கடன் வாங்கிப் படித்தேன். எதிரி முகாமின் மேல் விமானத்திலிருந்து துண்டுத்தாள் வீசுவார்கள் என்று அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. ‘உன் தாய் உனக்காக அழுகிறாள், நீ இங்கே என்ன செய்கிறாய்?’ என்று அச்சடித்திருப்பார்களாம். வீசுகிறவனுக்கு அந்தத் தாயைத் தெரியாது. அதனால் அவனை மன்னிக்கலாம்.

நல்ல புத்தகமாகத்தான் சிபாரிசு செய்தாய். இனி எதுவும் அனுப்பவேண்டாம்.

பாரி


தந்தி
11.6.2000

அத்தை சீரியஸ். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உடனே புறப்படு. அறிவு.


வியாசர்பாடி
22.6.2000

அண்ணா,

நீ எங்கே இருக்கிறாய்? நன்றாகத்தான் இருக்கிறாயா?

அம்மாவுக்குப் பக்கவாதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்க் குடத்தோடு படியில் சாய்ந்துவிட்டாள். அறிவு மாமா மூன்று மாடியும் அவளை முதுகில் சுமந்து இறங்கி, ஆட்டோ கிடைக்காமல் மெயின் ரோடுவரை அப்படியே ஓடினார். வலது கையும் காலும் அசையவில்லை. முதல் இரண்டு நாள் கொஞ்சம் குழறலாகப் பேச்சு இருந்தது. “பாரி வந்தானா? தந்தி குட்த்தீங்களா?” என்று அதையேதான் கேட்டாள். வருகிறான், ரயிலில் இருக்கிறான் என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பேச்சு நின்றுவிட்டது. 

நீ வரவில்லை. வார்டில் இருக்கிறவர்கள்கூடக் கேட்கிறார்கள். “ஏம் மாமா அண்ணன் வரல? இன்னாதான் ஆச்சி?” என்று கேட்டால் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பெற்றவளைவிடப் பெரிய வேலையா அண்ணா அது?

நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். 

ஷாலு


56 ஏ.பி.ஓ.
1.7.2000

அன்புத் தங்கை ஷாலுவுக்கு,

அண்ணன் உயிரோடு இருக்கிறேன். அம்மா பக்கத்தில் நீ இருக்கிறாய் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பயிற்சிக்காக வேறு ஊரில் இருந்தேன். தந்தி எனக்கு வந்துசேரவில்லை. உன் கடிதம் வந்துதான் தெரியும். யார்மேலும் தப்பில்லை. அறிவு மாமுவை இதைப்பற்றி ஒன்றும் கேட்காதே, அவர் தன்னால் ஆனதைச் செய்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் லீவு கொடுக்கிறார்கள். அம்மாவின் காதில் என் பெயரைச் சொல்.

அண்ணன்


56 ஏ.பி.ஓ.
1.7.2000

அறிவு,

தந்தி கிடைத்தது.

உன் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டேன். மறுநாள் கடைசி ஜம்ப். அதைக் கெடுக்கத்தான் அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். வாசலிலேயே பூத் இருந்தது. நம் வீட்டுக்குக் கீழே இருக்கிற மளிகைக் கடைக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். உன்னிடம் இரண்டாம் தடவை ஏமாறியவனாக அந்தப் பூத்துக்குள் நிற்க மனம் வரவில்லை. விமானத்திலிருந்து குதித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா என்னைக் கேட்டுக்கொண்டிருந்த அதே நாள் அது.

மார்ச் மாதக் கடிதம் பற்றி ஷாலுவுக்குச் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். அம்மாவை நீதான் பார்த்துக்கொள்கிறாய் என்று தெரிகிறது. பார்த்துக்கொள்.

பாரி


வியாசர்பாடி
16.7.2000

அன்புள்ள பாரிக்கு,

அத்தை உடம்பை முதலில் எழுதுகிறேன். இடது கையால் டம்ளர் பிடித்துக் குடிக்கிறார். வலது காலில் சின்ன அசைவு தெரிகிறது. காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்து மடக்கி நீட்டுகிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முதுகில் தூக்கி இறக்கி, ராயபுரத்தில் உடற்பயிற்சி சொல்லித்தரும் ஜேக்கப் என்பவரிடம் கூட்டிப்போகிறேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். ஷாலுவையும் கேட்டுக்கொள்.

ஷாலுவுக்கு நீ எழுதியதை அவள் என்னிடம் படித்துக் காட்டினாள். “பாவம் மாமா அண்ணன், தந்தியே போய்ச் சேரலயாம், நாந்தான் கன்னாபின்னான்னு எய்திட்டேன்” என்று அழுதாள். நான் தலையாட்டினேன். எனக்கு உன்மேல் நன்றி வந்திருக்கவேண்டும். வந்தது பொறாமைதான். அந்தப் பொய்யை என்னால் சொல்லியிருக்க முடியாது. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த மார்ச் மாதக் கடிதத்தைத் தெருமுனையில் ஒட்டியிருப்பேன். சிறுவயசிலிருந்து நான் ஆசைப்பட்டது எல்லாம் உன்னிடம் இருக்கிறது என்று கறுவிக்கொண்டிருந்தேன், உன்னிடம் இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. 

கட்டிலுக்கு அடியில் இருந்த புத்தகங்களை பாய் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எண்ணெய்க் கிண்ணமும் துணிகளும் வைக்க இடம் வேண்டியிருந்தது. 

முக்கியமான சேதி இனிமேல்தான். போன வாரம் அத்தைக்குப் பேச்சு வந்தது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தையே பார்த்து, வாயை இழுத்து இழுத்து “பா... ரி” என்றார். ஷாலு ஓடிவந்து, “எம்மா, அது அறிவு மாமாம்மா, அண்ணன் அடுத்த மாசம் வருது” என்று சுவரில் இருக்கிற உன் போட்டோவைக் காட்டினாள். அத்தை போட்டோவைப் பார்த்தார். தலையை ஆட்டினார். மறுபடி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு “பாரி” என்றார். இதுவரை வந்திருக்கிற வார்த்தை அந்த ஒன்றுதான். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். நான் “இன்னாம்மா” என்று போகிறேன். அம்மா என்று யாரையும் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

சரியாகிவிடும், ஆளை அடையாளம் தெரியக் கொஞ்ச நாள் ஆகும் என்று ஜேக்கப் சொல்கிறார்.

நீ வந்து கதவருகே நிற்கும்போது அத்தை யாரைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்வார் என்று தெரியவில்லை. வேலை செய்துகொண்டே அதைத்தான் யோசிக்கிறேன். உன்னைப் பார்த்துச் சொன்னால் எனக்கு வலிக்கும். என்னைப் பார்த்துச் சொன்னால் அதைவிட வலிக்கும்.

எதுவாக இருந்தாலும் சீக்கிரம் வா. எந்த ரயில் என்று எழுது, சென்ட்ரலில் நிற்கிறேன்.

உன் மாமு,
அறிவு